ரெண்டும் பாவம்

யாராவது என்னைப் பார்த்து "பாவம்" என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பயம் வந்துவிடும். ரத்தம் எடுக்க வரும் நர்ஸ் பெண் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த பையன் சொல்லியிருக்கிறான். எல்லாரும் நல்ல மனதோடு சொல்கிறவர்கள்தான். நான்தான் சட்டென்று சுவரையோ கம்பியையோ பிடித்துக்கொள்வேன். இது ஒரு வியாதி. இதை எனக்கு ஒட்ட வைத்தவள் எங்கள் தோட்டத்து ஆயாக்கா.

தோட்டம் மலேசியாவில், கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பாதி ரப்பர், பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை. எண்பதுகளின் தொடக்கம். பிள்ளைக் கொட்டகையில் அவளுக்கு ஆயா வேலை. வேலையால் ஆயா, நாற்பதை ஒட்டிய வயதால் அக்கா. இரண்டையும் யாரோ சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடும் கிராணிக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்திருக்கும். நானும் அந்தக் கொட்டகையில் தவழ்ந்தவன். "டேய், நீ எம்மடியில மூத்திரம் பேஞ்ச பயதானே" என்று, நான் மீசை வைத்த பிறகும் கடைவாசலில் நாலு பேர் முன்னால் கேட்பாள். அவளுக்கு வெட்கமே கிடையாது. எல்லா வெட்கமும் எனக்குத்தான்.

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, பெயர் கொடுக்க ஓடும் தாய்மார்கள், பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அவளிடம் போட்டுவிட்டு ஓடுவார்கள். உச்சி வெயில் வரை அத்தனையும் அவள் பொறுப்பு. ஸ்பிரிங் தொட்டிலில் சில, பாயில் சில, நடை பழகுவது சில. இந்த நடை பழகும் கூட்டம்தான் பெரிய தலைவலி. ஒன்று விழ, அதைப் பார்த்து இன்னொன்று அழும். ஆனால் அங்கே தலையில் அடிபட்ட பிள்ளை என்று ஒன்று கிடையாது. காரணம், எந்தப் பிள்ளை விழப் போகிறதோ அதற்குப் பின்னால் ஆயாக்கா முன்கூட்டியே போய் நின்றிருப்பாள். ஓடிப் போய்ப் பிடிப்பதெல்லாம் அவளிடம் இல்லை. பால்மாவைக் கலக்கிக்கொண்டே நாலு எட்டு வைப்பாள், போய் நிற்பாள், அந்தப் பிள்ளை விழும். பார்க்கிறவர்களுக்கு அவள் போய் நின்றதால்தான் பிள்ளை விழுந்தது போல இருக்கும்.

சில சமயம் கைக்குத் தப்பி ஒன்று தரையில் உட்கார்ந்துவிடும். அது அழ வாயைத் திறக்குமுன் ஆயாக்கா தரையைப் பளார் என்று அறைவாள். "எம்புள்ளையவா தள்ளிவிட்ட? இந்தா! இனிமே தள்ளுவியா? தள்ளுவியா?" பிள்ளை அழுகையை மறந்துவிட்டுத் தரை வாங்கும் அடியைப் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லா அம்மாக்களும் செய்வதுதான், தெரியும். மற்றவர்கள் ஒப்புக்குத் தட்டுவார்கள். ஆயாக்கா நிஜமாகவே கோபப்பட்டு அடிப்பாள். சிமெண்டுத் தரை அது. அவள் வலது உள்ளங்கை எப்போதும் சிவந்தே இருக்கும்.

இந்த விஷயம் கொட்டகையோடு நின்றிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. குத்துச்சண்டை வந்து கெடுத்தது.

அமெரிக்காவில் ஒரு பெரிய சண்டை. இரண்டு பேருமே ஒரே குத்தில் ஆளைப் படுக்க வைக்கிறவர்கள் என்று பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். அங்கே ராத்திரி என்றால் நமக்குக் காலை. எங்களுக்கோ கரண்டு ஜெனரேட்டரிலிருந்து வரும், அதுவும் இருட்டிய பிறகுதான் வரும். அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது, ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. லோரி மாமா லோரியின் பாட்டரியைக் கழற்றிக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவந்து டீவியில் மாட்டினார். தோட்டத்து லோரி ஓட்டுகிறவர், கோயில் தலைவர், இளவயதில் கொஞ்சம் குத்துச்சண்டை போட்டதாகச் சொல்லிக்கொள்கிறவர், எல்லாம் அவர் ஒருவரே. லோரி ஏன் கிளம்பவில்லை என்று கிராணி ஆள் அனுப்பிக் கேட்டபோது, பாட்டரியில் கோளாறு என்று சொல்லி அனுப்பினார்.

மண்டபம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. கறுப்பு வெள்ளை டீவி. ஒருவன் வெள்ளைக் கால்சட்டை, ஒருவன் கறுப்புக் கால்சட்டை. முக்கால்வாசிப் பேர் வெள்ளைக் கால்சட்டைப் பக்கம், லோரி மாமா உட்பட. இரண்டு பேரும் நடுவில் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆயாக்கா இடுப்பில் ஒரு பிள்ளையோடு கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா ஜெயிப்பான்? சொல்லிட்டுப் போ" என்று யாரோ விளையாட்டாகக் கேட்டார்கள்.

"எனக்கென்னடா தெரியும்? அந்த வெள்ளக் கால்சட்ட பாவம்டா. அவனப் பெத்தவ இதப் பாக்காம இருந்தா தேவல" என்று சொல்லிவிட்டுப் பால்மாவு வாங்கப் போய்விட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைக் கால்சட்டை நன்றாகத்தான் குத்திக்கொண்டிருந்தான். பிறகு ஒரு குத்து வந்தது, எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆள் முகங்குப்புற விழுந்தான். மண்டபத்தில் ஒருவரும் டீவியைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தோம். பால்மாவு டின்னோடு திரும்பி வந்தவள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "விழுந்துட்டானா?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் நானே அவளிடம் போய்க் கேட்டேன்.

"நீங்க எல்லாரும் கையவே பாக்குறீங்கடா. கை எல்லாருக்குந்தான் இருக்கு. விழப் போற புள்ள கால் வெரல சுருட்டும்லா, அதப் பாக்கணும்."

"அவன் பூட்ஸ் போட்டிருந்தானேக்கா?"

"அப்ப எனக்குத் தெரியல. பாவமா இருந்துச்சு, சொன்னேன். போடா, வேலையப் பாரு."

அவ்வளவுதான் அவளுடைய சாஸ்திரம். ஜெயிக்கிறவனை அவளுக்குத் தெரியாது, அவனைப் பற்றி அக்கறையும் இல்லை. விழப் போகிறவன்மேல் அவளுக்கு முன்கூட்டியே இரக்கம் வந்துவிடும். வந்துவிட்டால் அடக்க மாட்டாள், வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். சொல்வதோடு நிற்காமல் அந்த ஆளுடைய கட்சியிலும் சேர்ந்துவிடுவாள்.

அதன் பிறகு தோட்டத்தில் அவள் வாயிலிருந்து வரும் "பாவத்துக்கு" ஜனங்கள் பயப்பட ஆரம்பித்தார்கள். சங்கத் தேர்தலுக்கு நின்ற ஒருவரைப் பார்த்து அவள் உச்சுக் கொட்ட, மனிதர் அன்றைக்கே தளர்ந்துபோய், தோற்றும் போனார். பந்து விளையாட்டில் எங்கள் ஆட்கள் அவளைத் திடலுக்கே வர விடுவதில்லை. பெண் பார்க்கப் போன ஒரு குடும்பம் கொட்டகையைக் கடக்காமல் வாய்க்கால் ஓரமாகச் சேற்றில் நடந்து போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி முழங்கால் வரை சேறு. அதைக் கொட்டகை ஜன்னலிலிருந்து ஆயாக்கா பார்த்தாள்.

அன்றுதான் ஒரே தடவை அவள் பொங்கிப் பேசிக் கேட்டேன். "நான் சொல்றதாலயாடா விழுறாங்க? விழப் போறாங்களேன்னு மனசு கேக்காம சொல்றேன். நான் என்ன நாக்குல விஷமா வச்சிருக்கேன்? இவனுங்க புள்ளைங்க மூக்கத்தானே நான் தெனமும் தொடைக்கிறேன்!" முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டிலை ஆட்டப் போய்விட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மீசை வைத்த ஆம்பிளை, என்ன செய்வது, சும்மா நின்றேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றும் வேலை. ஒவ்வொரு குலையும் முள்ளும் கனமுமாக ஒரு சின்ன ஆள் அளவு இருக்கும். கம்பியில் குத்தித் தலைக்கு மேலே வீச வேண்டும். அந்த வேலை என் வலது தோளை இரும்பாகச் செய்துவிட்டது. லோரி மாமா ஒரு சாக்கில் செம்பனை நாரையும் மணலையும் அடைத்து மரத்தில் தொங்கவிட்டு என்னைக் குத்தச் சொன்னார். சாக்கு கிழிந்தது. இன்னொரு சாக்கு, அதுவும் கிழிந்தது. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சபாக், கோலா குபு பாரு என்று எங்கே திடல் சண்டை நடந்தாலும் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். போன இடமெல்லாம் எதிராளி சீக்கிரமே படுத்துவிடுவான்.

அப்போதுதான் கோலா சிலாங்கூர் திடலில் ஒரு போட்டி அறிவித்தார்கள். எங்கள் எடையில் ஜெயிக்கிறவன் மாநிலப் பயிற்சி முகாமுக்குப் போகலாம். முகாமுக்குப் போனவர்களுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிடும் என்று பேச்சு. எனக்கு அந்த வேலை வேண்டும். என் அப்பாவும் குலை ஏற்றியவர். ஐம்பது வயதிலேயே அவருக்கு முதுகு வளைந்து, தரையைப் பார்த்துத்தான் நடப்பார். அந்த முதுகு எனக்கு வரக் கூடாது என்று தினமும் பயந்துகொண்டே லோரியில் ஏறுவேன்.

எதிராளி தஞ்சோங் காராங் நெல் ஆலையில் மூட்டை தூக்கும் மலாய்க்காரப் பையன். என் வயதுதான். எங்கள் தோட்டக் கடைக்கு அரிசி இறக்க வருவான். இரண்டு மூட்டைகளை இரண்டு தோளில் போட்டுக்கொண்டு படி ஏறுவான். அவனும் போன இடமெல்லாம் ஒரே குத்தில் ஆளைப் படுக்க வைத்திருந்தான். தோட்டம் முழுக்க இதே பேச்சு. முதல் குத்து யாருடையதோ அவனுக்குத்தான் ஜெயம் என்றது ஒரு கூட்டம். மூட்டை தூக்குகிறவனுக்குக் கால் பலம், குலை வீசுகிறவனுக்குத் தோள் பலம் என்றது இன்னொன்று. பேசி ஓயாமல், கடைசியில் எல்லாரும் போய் நின்ற இடம் கொட்டகை.

லோரி மாமா தட்டில் வெற்றிலை பாக்கோடு போனார். பெண் கேட்கப் போகிறவர் மாதிரி சட்டை வேறு மாற்றியிருந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"அக்கா, நம்ம பையன் சண்டைக்குப் போறான். நீ ரெண்டு பேரையும் பாத்திருக்க. யாரு பாவம், சொல்லு."

ஆயாக்கா வெற்றிலையைத் தொடவில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். எனக்குக் கால் விரல்கள் தாமாகவே சுருண்டன. செருப்புக்குள் அவற்றை நிமிர்த்தப் பெரும் பாடுபட்டேன்.

"ரெண்டும் பாவம்" என்றாள்.

"ரெண்டு பேரும் எப்படிக்கா விழுவானுங்க? ஒண்ணு சொல்லு."

"ரெண்டும் ஓங்கி ஓங்கி அடிக்குதுங்க. ரெண்டுக்கும் தடுக்கத் தெரியாது. ரெண்டும் பாவந்தான் லா. இதுக்கு மேல என்ன எங்கிட்ட கேக்குறீங்க?"

"அப்படிச் சொல்லாதக்கா. நம்ம புள்ள வாழ்க்க இதுல இருக்கு. நீ அந்தப் பையனப் பாவம்னு சொல்லிட்டா இவன் தைரியமாப் போவான்."

எனக்கு உள்ளே இரண்டு மனசு. அவள் அவன் பெயரைச் சொல்ல வேண்டும், நான் ஜெயிக்க வேண்டும். ஆனால் அவன் பெயரைச் சொல்லிவிட்டால் அவள் அவன் கட்சி. என்னை நடக்கப் பழக்கியவள் என் சண்டையில் வேறு எவனுக்கோ கண் கலங்குவாள். ஆனாலும் சொல்லு அக்கா, அவனைச் சொல்லு என்றுதான் கண்ணால் கெஞ்சினேன்.

"சரி. அந்தப் பையந்தான் பாவம். போதுமா?" என்று என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

தோட்டமே துள்ளியது. லோரி மாமா அத்தோடு விடவில்லை. அவள் சொன்னது மட்டும் போதாது, சண்டையன்று அவன் பக்கத்தில் போய் நிற்கவும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவள் யார் பின்னால் நிற்கிறாளோ அவன் விழுவான் என்று அந்த மனிதர் முழுமையாக நம்பினார். விழப் போகிறவன் பின்னால்தான் அவள் போய் நிற்கிறாள் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திடலில் பலகை மேடை போட்டு, பலகையின்மேல் லோரிக் கித்தான் விரித்து, நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். நடுவர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். மூன்று சுற்று. எங்கள் தோட்டம் ஒரு பக்கம், தஞ்சோங் காராங் ஆட்கள் எதிர்ப்பக்கம். அவர்களுக்கு நடுவில், தோளில் ஈரத் துண்டோடு, எங்கள் ஆயாக்கா. லோரி மாமாவே கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்திருந்தார். அந்தப் பையனின் ஆட்கள் யாரோ தங்களுக்கு ஒரு ரசிகை என்று சந்தோஷப்பட்டு அவளுக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார்கள்.

முதல் சுற்று. அவன் குத்து என் தாடையை உரசிக்கொண்டு போனது, உரசியதற்கே காது அடைத்தது. என் வலது கை அவன் நெற்றிப் பக்கம் போய் உட்கார்ந்தது. பையன் பலகை அதிர விழுந்தான். எங்கள் பக்கம் வானம் இடிந்தது போலக் கத்தினார்கள். லோரி மாமா கோயிலில் ஆடுவது போல ஆடினார். அவன் எட்டு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டான், சுற்றும் முடிந்தது. நான் உட்கார்ந்து எதிர்மூலையைப் பார்த்தேன். கயிற்றுக்கு வெளியே நின்றபடி ஆயாக்கா ஈரத் துண்டால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கெசியான், அடிக், கெசியான்" என்று சொல்வது இங்கே வரை கேட்டது. மலாயில் கெசியான் என்றால் பாவம், அடிக் என்றால் தம்பி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்துக்கொண்டிருப்பவன் நான், பொறாமையும் எனக்குத்தான்.

இரண்டாவது சுற்றுக்கு மணி அடித்தது. அவனை முடித்துவிடும் ஆத்திரத்தோடு போனேன். குத்தினேன், குத்தினேன். கை கீழே இறங்கிவிட்டது, கால் அகன்றுவிட்டது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று எதிர்ப்பக்கம் பார்த்தேன். அங்கே அவள் இல்லை.

அவன் தோளுக்கு மேலே தேடினேன். மேடையைச் சுற்றிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல். லோரி மாமா ஓடிப் போய்க் குறுக்கே நின்றார். "அக்கா! ஐயோ, வராதக்கா! அங்கேயே நில்லுக்கா!" அவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, தோளில் துண்டோடு, எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

அவளைப் பார்த்ததால்தான் நான் விழுந்தேன் என்று லோரி மாமா சாகும்வரை சொன்னார். தப்பு. நான் அப்போதே பாதி விழுந்தவன், கை முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவளுக்கு அது தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். அவள் என் பக்கம் வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் பயம் வந்தது, அதோடு நெஞ்சில் ஒரு குளிர்ச்சியும் வந்தது. அந்தப் பையனின் குத்து வந்ததை நான் பார்க்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது வானம் மட்டும் தெரிந்தது. நடுவர் எண்ணுவது எங்கோ தூரத்தில் கேட்டது. எழுந்திருக்கச் சொன்னால் கால் கேட்கவில்லை. முகாம் போயிற்று. வேலை போயிற்று. மறுநாள் காலையில் மறுபடி குலை ஏற்றத்தான் போனேன், அவன்தான் முகாமுக்குப் போனான். அதெல்லாம் அந்தப் பலகையில் கிடக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் முதுகு எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு அழ வாய் திறந்தது.

காதுக்குப் பக்கத்தில் பளார் என்று ஒரு சத்தம்.

தலையைத் திருப்பினேன். ஆயாக்கா கயிற்றுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து மேடைப் பலகையை அறைந்துகொண்டிருந்தாள். "எம்புள்ளையவா தள்ளிவிட்ட? இந்தா! இனிமே தள்ளுவியா? தள்ளுவியா?"

நடுவர் எண்ணுவதை மறந்து நின்றார். திடலின் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நிஜமான கோபம், அதே பழைய கோபம். நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது, எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நெல் ஆலைப் பையன் வந்து என் பக்கத்தில் முட்டி போட்டான். எங்க அம்மாவும் இப்படித்தான் அடிப்பாள் என்று மலாயில் சொல்லிச் சிரித்தான். சிரிக்கும்போது கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. ஆயாக்கா அந்த உதட்டைப் பார்த்தாள். முதல் சுற்றில் அவனும் இதே பலகையில்தான் விழுந்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இது இந்தப் புள்ளைக்கு" என்று சொல்லி, சிவந்த கையை ஓங்கிப் பலகையில் இன்னொரு அறை விட்டாள்.